தண்ணீர் குடிக்கப் போனவர்கள்

அந்தச் சபையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக யாரும் ‘வேண்டாம்’ என்று சொன்னதில்லை. மினிட்ஸ் நோட்டுகள் அப்படித்தான் சொல்கின்றன. மொத்தம் ஒன்பது நோட்டுகள், எல்லாம் கனத்த அட்டை போட்டவை. கடைசி ஆறும் இப்போதைய எழுத்தரின் கையெழுத்து. எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் தீர்மானத்தின் கீழே ஒரே வரிதான் இருக்கும்: ‘கூடியிருந்தோர் அனைவரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டனர்.’ அந்த வரியை எழுதி எழுதி, பேனாவைத் தாளில் வைத்தால் போதும், அது தானாக ஓடிவிடும் அளவுக்கு அவருக்குக் கை பழகிவிட்டது.

இது எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மற்றது விளங்காது.

பிரார்த்தனைக் கூடத்துக்கு வெளியே, படிகளை ஒட்டி, ஒரு எவர்சில்வர் தண்ணீர் டிரம் இருக்கிறது. அதோடு சங்கிலியில் கட்டிய இரண்டு டம்ளர்கள். சபைக் கூட்டத்தில் தலைவர் ஒவ்வொரு தீர்மானத்தையும் மூன்று முறை வாசிப்பார். முதல் முறை எல்லோரும் கேட்டுக்கொள்வார்கள். இரண்டாம் முறை, கேட்க நினைப்பவர்கள் ஏதாவது கேட்பார்கள். மூன்றாம் முறை வாசிக்கத் தொடங்கியதும், தீர்மானம் பிடிக்காதவர்களுக்குத் தொண்டை வறண்டுபோகும். எழுந்து வெளியே போய்த் தண்ணீர் குடிப்பார்கள். அவர்கள் திரும்பி வருவதற்குள் உள்ளே இருப்பவர்கள் தலையாட்டி முடித்திருப்பார்கள். ஒருமனதாக. வந்தவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, “முடிஞ்சுதா?” என்பார்கள். யார் மனமும் நோகாது. “நம்ம சபையில இதுவரைக்கும் ஒரு சண்டை வந்ததுண்டா?” என்று வெளியூர்க்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். பொய்யில்லை. வந்ததில்லைதான்.

சண்டை வராததற்குக் கொடுத்த விலை நேரம். பெண்கள் சபைக் கூட்டத்தில் உட்காரலாமா என்ற ஒரு கேள்விக்கு நான்கு ஆண்டுகள் ஆயின. உட்கார்ந்த பெண்கள் பேசலாமா என்பதற்கு மேலும் ஐந்து. பரீட்சைக் காலத்தில் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைக்கலாமா என்பது இப்போது மூன்றாம் ஆண்டில் இருக்கிறது. எழுத்தர் பகலில் நகராட்சி அலுவலகத்தில் தபால் பிரிவில் வேலை பார்ப்பவர். மெதுவாக நகரும் காகிதங்கள் அவருக்குப் புதிதல்ல. ஆனால் ஐம்பது வயதில், ஒரு ஆள் இரண்டு இடத்திலும் அதே நத்தையின் பின்னால் நடந்தால் அலுத்துப்போகாதா?

அவரை அலுக்கவைத்தது ஒலிபெருக்கி அல்ல. அவருடைய அக்காவின் விஷயம்.

இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன்னால் அக்கா, வேறு வழிபாட்டைச் சேர்ந்த ஒரு ரேடியோ ரிப்பேர்க்காரரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் தன் வழியை விடவில்லை, அவளும் தன் வழியை விடவில்லை. சபை கூடி, உறுப்பினர் பதிவேட்டிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டது. ஒருமனதாக. பெயர் இல்லாதவர்கள் கூடத்துக்குள் உட்காரக் கூடாது. ஆனால் வெளித் தாழ்வாரத்தில் நிற்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். வாரம் தவறாமல் வந்து, மூன்றாவது ஜன்னலுக்கு வெளியே நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு பிரார்த்தனை செய்துவிட்டுப் போவாள். யாரும் அவளைத் துரத்தவில்லை. யாரும் உள்ளே கூப்பிடவும் இல்லை. ஒருமுறை எழுத்தர் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்த் தாழ்வாரத்தில் போட்டார். அடுத்த வாரம் அது உள்ளே வந்திருந்தது. “மழையில நனைஞ்சு வீணாப்போயிடும்னு எடுத்து வச்சேன்,” என்றார் ஒருவர், மிகவும் மரியாதையாக.

இப்போது அக்காவுக்கு ஐம்பத்தெட்டு. இரண்டு முழங்காலும் போய்விட்டன. மூன்று வாரமாக ஜன்னலில் ஆள் இல்லை.

*

சபைக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், அலுவலகம் முடிந்து எழுத்தர் அக்கா வீட்டுக்குப் போனார். முன்னறை முழுக்க அத்தானின் கடைதான். திறந்து போட்ட ரேடியோக்கள், ஒயர் சுருள்கள், மேஜையில் சூடான ஈயத்தின் வாடை. அத்தான் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தார்.

“வாங்க எழுத்தரே. உள்ள போங்க. உங்க அக்கா இன்னிக்கு மகாராணி. கட்டில விட்டு இறங்க மாட்டேங்கறா.”

“இறங்கினா யாரு தூக்கி விடறது? உங்களுக்கு ஒரு டிரான்ஸ்பார்மரத் தூக்கவே மூச்சு வாங்குது,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அக்கா இரண்டு காலையும் நீட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முழங்காலைச் சுற்றித் துணி கட்டியிருந்தது. எழுத்தர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“டாக்டர் என்ன சொல்றார்?”

“நிக்காதேங்கறார். பத்து நிமிஷத்துக்கு மேல நிக்கக் கூடாதாம். நம்ம பிரார்த்தனை ஒண்ணேகால் மணி நேரம். கணக்கு நீயே போட்டுக்கோ.”

“உன் பேரத் திரும்பச் சேக்கற தீர்மானத்த இந்தத் தடவையும் வச்சிருக்கேன் அக்கா. மூணாவது விஷயமா வருது.”

“இதோட எத்தனை தடவை?”

“அஞ்சு.”

“நாலு தடவை என்ன ஆச்சு?”

“ரெண்டாவது வாசிப்புலயே தள்ளி வச்சுட்டாங்க. அவகாசம் வேணும்னு.”

அக்கா சிரித்தாள். சிரிக்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். “எனக்கென்ன மாளிகையா வேணும்? உள்ள ஒரு ஓரமா ஒரு இடம். கடைசி வரிசை போதும். உக்காந்து கும்பிட்டுட்டு எழுந்து வந்துடுவேன்.”

முன்னறையிலிருந்து அத்தான் சொன்னார், “அதுக்கு நீ எங்க பக்கம் வந்திருக்கலாம்.”

“உங்க பக்கம் மட்டும் என்ன வாழுது?”

“ஒண்ணும் வாழல. அதான் சொல்றேன். உன்னக் கட்டினதுக்கு எனக்கு அங்க செருப்பு விடற இடத்துக்குப் பக்கத்துல இடம். ஆனா உட்கார விடறாங்க. எழுத்தரே, உங்க ஆளுங்களாவது எழுந்து தண்ணி குடிக்கப் போறாங்க. எங்க ஆளுங்கள்ல தாகம் எடுத்தாலே தப்பு.”

எழுத்தர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

“உங்கிட்ட ஒண்ணு சொல்லட்டுமா? நிக்கறதுகூட எனக்குப் பெரிசா தெரியலடா. அன்னிக்கு யாரு வேணாம்னு சொன்னாங்கன்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது. எல்லாரும் ஒருமனதான்னு சொல்லிட்டீங்க. ஜன்னல் வழியா ஒவ்வொரு மூஞ்சியா பாப்பேன். இவரா இருக்குமோ, அவரா இருக்குமோன்னு. பாத்தா சிரிப்பாங்க, நானும் சிரிப்பேன். இருபத்தாறு வருஷம் இதே வேலை. சலிச்சுப்போச்சு. ஒருத்தர், ஒரே ஒருத்தர் என் மூஞ்சிக்கு நேரா, ‘ஆமாம்மா, நான்தான் வேணாம்னேன்’னு சொல்லியிருந்தா, அவரோட உக்காந்து ஒரு நாள் சண்டையாவது போட்டிருப்பேன். யாருன்னே தெரியாதவங்ககிட்ட எப்படிச் சண்டை போடறது?”

எழுத்தருக்கு அப்போது சொல்லியிருக்க வேண்டிய ஒன்று இருந்தது. சொல்லவில்லை. “மருந்தை ஒழுங்கா சாப்பிடு,” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார்.

அவர் சொல்லாதது இதுதான். அந்த நாளில் அவருக்கு இருபத்துநான்கு வயது. சபையில் புதிதாக உட்கார்ந்தவர். அக்காவின் தம்பி என்பதால் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். மூன்றாவது வாசிப்பு தொடங்கியதும் அவருக்கும் தொண்டை வறண்டது. எழுந்து போய் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றார். அவரோடு வேறு யாரெல்லாம் நின்றார்கள் என்பதுகூட இப்போது நினைவில்லை. தலை குனிந்தபடியே நின்றிருந்தார். திரும்பி வந்தபோது முடிந்துவிட்டிருந்தது. அவருக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால், நோட்டில் படி எடுக்கச் சொல்லி அவரிடமே கொடுத்தார்கள். பதிவேட்டில் அக்காவின் பெயருக்குக் குறுக்கே ஸ்கேல் வைத்து நேராகக் கோடு போட்டதும் அவர்தான். வீட்டுக்குப் போய், “எல்லாரும் சேந்து முடிவு பண்ணிட்டாங்க அக்கா,” என்று சொன்னதும் அவரே.

*

கூட்டத்துக்கு நாற்பத்தோரு பேர் வந்திருந்தார்கள். பிரார்த்தனை முடிந்த பிற்பகல். மேலே நான்கு மின்விசிறிகள் சுற்றின, அவற்றில் ஒன்று கிறீச்சிட்டது. தலைவர் ஒரு மரக்கடைக்காரர். எழுபது வயது, மெல்லிய குரல். கூட்டம் சீக்கிரம் முடிந்தால் போதும் என்பது அவருடைய ஒரே கொள்கை.

கூரை ஒழுகுவது பற்றிய முதல் தீர்மானத்துக்கு யாருக்கும் தாகம் எடுக்கவில்லை. இரண்டாவது ஒலிபெருக்கி. லாரி ஓட்டும் ஒருவர், அவருடைய குரலுக்காக ‘ஹாரன்’ என்று பெயர் வைத்திருந்தார்கள், மூன்றாவது வாசிப்பின்போது எழுந்து போய் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு வந்தார். சத்தம் குறைந்தது, ஒருமனதாக.

மூன்றாவது, அக்கா.

“முன்னர் பெயர் நீக்கப்பட்ட உறுப்பினரின் பெயரை மீண்டும் பதிவேட்டில் சேர்க்கலாம் என்றும், அவர் கூடத்துக்குள் அமர்ந்து வழிபடலாம் என்றும் இச்சபை தீர்மானிக்கிறது,” என்று தலைவர் வாசித்தார்.

இரண்டாம் முறை வாசித்தார். மருந்துக்கடைக்காரர் எழுந்தார். ஊரில் பாதிப்பேருக்கு அவர் கடையில்தான் மருந்து. அக்காவின் முழங்கால் மாத்திரையும் அங்கேயே. “அவங்க மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ரொம்ப நல்ல மனுஷி. ஆனா...” என்றார். அந்த ‘ஆனா’வைக் கூடத்தின் நடுவில் அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். வழக்கமாக இந்த இடத்தில்தான் யாராவது “அவகாசம் எடுத்துக்கலாமே” என்பார்கள். ஐந்தாவது முறையாக அதைச் சொல்ல எல்லோருக்குமே கூச்சமாக இருந்தது போலும்.

தலைவர் மூன்றாம் முறை வாசிக்கத் தொடங்கினார். பெஞ்சுகள் நகரும் ஓசை கேட்டது. முதலில் மருந்துக்கடைக்காரர். பின்னால் ஹாரன். அப்புறம் ஒரு வரிசை முழுக்க. எழுத்தரின் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்தபடி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு போனார்கள். சிலர் எந்தப் பக்கம் என்று எழுத்தருக்கே தெரியவில்லை. எல்லோரும் போகிறார்களே என்று போனவர்களும் உண்டு. தலைவர் வாசித்து முடித்து நிமிர்ந்தபோது, உள்ளே ஏழு பேர் இருந்தார்கள். வெளியே முப்பத்துநான்கு பேர் இரண்டு டம்ளருக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

அந்த ஏழு பேர் யார் என்றும் சொல்ல வேண்டும். தலைவர், அவர் எழுந்து போக முடியாது. எழுத்தர், அவர் எழுத வேண்டும். மறை ஓதும் பெரியவர், கண்ணை மூடியபடி. முன் வரிசையில் தையற்காரி; அவள் பெண்கள் பேசலாம் என்று ஆன நாளிலிருந்து வட்டியும் முதலுமாகப் பேசிக்கொண்டிருப்பவள். போன வருடம் இந்த ஊருக்குக் குடிவந்த ஒரு இளம் தம்பதி, அவர்களுக்கு இந்தத் தண்ணீர் வழக்கமே சரியாகப் பிடிபடவில்லை. கடைசியாக, காது மந்தமான ஒரு ஓய்வுபெற்ற கண்டக்டர், நடப்பது ஒன்றும் காதில் விழாமல்.

தலைவர் ஒருமுறை வாசலைப் பார்த்தார். பிறகு எழுத்தர் பக்கம் குனிந்து, “எழுதிடுங்க,” என்றார்.

“என்னன்னு எழுத?”

“என்னன்னு கேட்டா? எப்பவும் எழுதறதுதான். உள்ள இருக்கறவங்க யாரும் வேணாம்னு சொல்லல. ஒருமனதாக.”

“ஏழு பேரு.”

“எண்ணிக்கைய நாம என்னிக்கு எழுதியிருக்கோம்? வெளிய போனவங்களுக்கும் இதுதான் வசதி. ஒத்துக்கிட்டோம்கற பழியும் இல்ல, எதிர்த்தோம்கற பேரும் இல்ல. உங்க அக்கா அடுத்த வாரம் உள்ள வந்து உக்காரட்டும். ரெண்டு வாரம் முணுமுணுப்பாங்க, அப்புறம் பழகிடும். எழுதுங்க.”

“எழுதுங்க அண்ணே,” என்றாள் தையற்காரி. “யோசிக்காதீங்க. அவங்க திரும்பி வர்றதுக்குள்ள எழுதிடுங்க.”

எழுத்தர் பேனாவைத் தாளில் வைத்தார். கை தானாகவே ‘கூடியிருந்தோர்’ என்று எழுதிவிட்டது. அங்கே நின்றது.

அக்கா அடுத்த வாரம் உள்ளே வருவாள். கடைசி வரிசையில் உட்காருவாள். இத்தனை பேரும் அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவள் மறுபடியும் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, இவரா, அவரா என்று யோசித்துக்கொண்டிருப்பாள், இந்த முறை உட்கார்ந்துகொண்டு. ஏழு பேர் சேர்த்த பெயரை இன்னொரு பிற்பகலில் எட்டுப் பேர் எடுத்துவிடலாம், அன்றைக்கு மற்றவர்களுக்குத் தாகம் எடுத்தால். அதற்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போட ஒரு எழுத்தர் இருப்பார்.

இதையெல்லாம் அவர் ஒழுங்காக யோசித்தார் என்று சொல்ல முடியாது. அவருக்கு அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான். அந்த வரியை இன்னொரு முறை எழுத முடியாத அலுப்பு. எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்தார். நோட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

“எங்க போறீங்க?” என்றார் தலைவர்.

“கேட்டுட்டு வரேன்.”

“யார?”

“எல்லாரையும்.”

*

வெளியே வெயில் தாழ்ந்திருந்தது. நோட்டோடு அவர் வருவதைப் பார்த்ததும் வரிசையில் பேச்சு நின்றது. ஹாரன் கையில் டம்ளர் இருந்தது.

“என்ன எழுத்தரே, தண்ணி குடிக்கவும் கையெழுத்துப் போடணுமா?”

“கையெழுத்து வேணாம். சேக்கலாமா, வேணாமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். பேருக்கு நேரா எழுதிக்கறேன்.”

“இது என்ன புதுசா இருக்கு?”

“புதுசுதான்.”

“நாங்க ஒண்ணும் சொல்லலியே. நீங்க பாட்டுக்கு உள்ள முடிச்சுக்கங்கன்னுதான வந்தோம்? உங்களுக்கு நல்லது பண்ணா, எங்க கழுத்துல கத்தி வைக்கறீங்களே.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எழுத்தர் வரிசையின் முன்னால் நின்று, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நகராட்சியில் அதிகாரிகளின் மேஜைக்கு முன்னால் அப்படி நின்று பழக்கம். நாற்பது ஆண்டு ‘ஒருமனதாக’வுக்குப் பிறகு முதல் வார்த்தையை உதிர்க்க யாருக்கும் வாய் வரவில்லை. ஒருவர் வெறும் டம்ளரை வாயில் வைத்துக் குடித்துக்கொண்டே இருந்தார்.

கடைசியில் மருந்துக்கடைக்காரர் முன்னால் வந்தார். “எழுதிக்கங்க. வேணாம்.”

எழுத்தர் அவர் பெயருக்கு நேராக எழுதினார். அவர் நகரவில்லை.

“ஏன்னு கேக்க மாட்டீங்களா?”

“ஏன்னு எழுத இதுல இடம் இல்லீங்க.”

“எழுத வேணாம். கேட்டுக்கங்க. எம் பொண்ணு ஒரு பையனப் பாத்து வச்சிருக்கா. அவன் வேற. உங்க அத்தான் மாதிரி. இன்னிக்கு நான் உங்க அக்காவுக்குச் சரின்னா, நாளைக்கு அவ ‘ஏம்ப்பா, அவங்களுக்குச் சரின்னீங்களே’ன்னு வந்து நிப்பா. நான் என்ன பதில் சொல்றது?” சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தான் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு தள்ளி நின்றார்.

அதற்குப் பிறகு சுலபமாகிவிட்டது. ஹாரன் “வேணாம்” என்றார், ஊருக்கே கேட்கும்படி. அவருக்குப் பின்னால் நின்ற அவர் மனைவி, “சேக்கலாம்,” என்றாள். ஹாரன் திரும்பி அவளை ஏற இறங்கப் பார்த்தார். “என்ன பாக்கறீங்க? அந்தம்மாவப் பாத்தா எனக்குப் பாவமாத்தான் இருக்கு. நீங்க ஒண்ணும் கேட்டதில்லையே,” என்றாள் அவள். ஒருவர், “எல்லாரும் எப்படியோ, அப்படி,” என்றார். அப்படி எழுத முடியாது என்று எழுத்தர் சொன்னதும், “அப்ப ஒண்ணும் எழுதாதீங்க,” என்றார். இன்னும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். எழுத்தர் அவர்களுக்கு நேராக ஒரு சின்னக் கோடு மட்டும் போட்டார்.

பிறகு உள்ளே வந்தார். தையற்காரி, “சேக்கலாம்னு கொட்ட எழுத்துல எழுதுங்க,” என்றாள். தம்பதி இருவரும் சரி என்றார்கள். கண்டக்டரின் காதருகே குனிந்து எழுத்தர் விஷயத்தைச் சொன்னார். அவர் இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டார். “அந்தப் பொண்ணா? இன்னுமா வெளிய நிக்குது? எப்பவோ உள்ள சேத்துட்டோம்னுல்ல நெனச்சேன்,” என்றார். மறை ஓதும் பெரியவர் கண்ணைத் திறந்தார். “வேணாம்னு எழுதிக்கோ. எழுந்து போகத்தான் பாத்தேன். கால் மரத்துப்போச்சு,” என்றார். ஒருமனதான ஏழு பேரில் ஒருவர்!

“தலைவருக்கும் உண்டா?” என்றார் மரக்கடைக்காரர்.

“உண்டுங்க.”

“இல்லாம இருந்தா நல்லாருந்திருக்கும்.” பெருமூச்சு விட்டார். “சரின்னு போட்டுக்கங்க. நீங்க?”

எழுத்தர் தன் பெயருக்கு நேராக ‘சரி’ என்று எழுதினார். இந்தச் சபையில் அவர் தன் பெயருக்கு நேராக எதையும் எழுதியது அதுவே முதல் முறை.

கூட்டிப் பார்த்தார். சரி பதினேழு. வேண்டாம் இருபத்தொன்று. கோடு மூன்று. தீர்மானம் தோற்றது.

கூடம் கலைந்தபோது தையற்காரி அவருக்கு எதிரில் வந்து நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது, கோபத்தில். “கையில வந்து விழுந்தத உதறிட்டீங்களே அண்ணே. அந்த அக்கா இந்தக் கால வச்சுக்கிட்டு, அடுத்த கூட்டம் வரைக்கும் இன்னும் அஞ்சு மாசம் நிக்கணும். உங்க நேர்மைய வச்சு அவங்க என்ன பண்ணுவாங்க, கீழ போட்டு உக்காருவாங்களா?”

எழுத்தர் பேனாவை மூடினார். நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு நடந்தார். வழியில் இரண்டு முறை திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தார்.

*

அக்கா எல்லாவற்றையும் கேட்டாள். அத்தானும் வேலையை விட்டுவிட்டு வந்து கதவில் சாய்ந்து நின்றார்.

“அப்ப நீ அந்த வரிய எழுதியிருந்தா, அடுத்த வாரமே நான் உள்ள உக்காந்திருக்கலாம்.”

“உக்காந்திருக்கலாம்.”

அக்கா கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு காலை மெதுவாக மடக்கி மறுபடி நீட்டினாள். வலித்தது என்பது முகத்தில் தெரிந்தது. அந்த வலிக்குத் தானே பொறுப்பு என்பது போல எழுத்தர் தலையைக் குனிந்துகொண்டார்.

“வாசி,” என்றாள்.

அவர் ஒவ்வொரு பெயராக வாசித்தார். சில பெயர்களுக்கு அவள், “தெரியும்,” என்றாள். ஹாரனின் மனைவி பெயர் வந்தபோது, “அவளா? எங்கிட்ட ஒரு வார்த்த பேசினதில்லையே,” என்றாள். கண்டக்டர் சொன்னதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தாள். மருந்துக்கடைக்காரர் பெயர் வந்தபோது, அவர் மகள் விஷயத்தை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.

“மொத்தம்?”

“இருபத்தொண்ணு வேணாம். பதினேழு சரி.”

“பதினேழா?” அக்கா அவரை நம்பாதது போலப் பார்த்தாள். “நான் நீ ஒருத்தன்தான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்டா. நீயும் அந்தத் தையற்காரியும். பதினேழு பேரா உள்ள உக்காந்திருந்தாங்க இவ்வளவு நாளா?”

“எல்லாரும் இவ்வளவு நாளா இல்ல. சில பேரு இன்னிக்குத்தான் யோசிச்சாங்கன்னு நெனக்கறேன்.”

“இன்னும் நாலு பேரு சேந்தா போதும்,” என்றார் அத்தான், மெதுவாக.

அப்போதுதான் எழுத்தர் அதைச் சொன்னார். அந்த அறையில் எல்லாம் ஓரளவு லேசாகிவிட்ட நேரத்தில் சொல்லியிருக்க வேண்டாம்தான். ஆனால் இருபத்தொரு பேரின் பெயரை வாசித்துவிட்டு அதைச் சொல்லாமல் நோட்டை மூட அவரால் முடியவில்லை. “அக்கா. அன்னிக்கு நானும் தண்ணி குடிக்கப் போனேன்.”

அத்தான் முன்னறைக்குப் போய்விட்டார்.

“‘எல்லாரும் சேந்து முடிவு பண்ணிட்டாங்க’ன்னு நீதான் வந்து சொன்ன,” என்றாள் அக்கா. “அந்த ‘எல்லாரும்’ல நீ எங்க இருந்தேன்னு நான் கேக்கவே இல்ல. கேட்டிருக்கணும்.”

“கேட்டிருந்தா சொல்லியிருப்பேனான்னு தெரியல.”

“சொல்லியிருக்க மாட்ட.” அவள் முழங்காலில் கட்டியிருந்த துணியைச் சரிசெய்தாள். “சரி, நீ கிளம்பு. இன்னிக்கு உங்கிட்ட என்னால பேச முடியாது. அடுத்த வாரம் பாக்கலாம்.”

அவர் கிளம்பினார். வாசலில் அத்தான் ஒரு ரேடியோவைத் திருப்பிக்கொண்டிருந்தார். தலையை மட்டும் அசைத்தார்.

*

அடுத்த வாரம் அக்கா வந்தாள். அத்தான் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். ஒரு கையில் தடி, மறு கையில் ஜன்னல் கம்பி. எழுத்தர் உள்ளே தன் இடத்திலிருந்து பார்த்தார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை.

பிரார்த்தனை தொடங்கச் சில நிமிடங்கள் இருந்தன. வழக்கம்போல் ஆட்கள் தாழ்வாரத்தைக் கடந்து உள்ளே வந்தார்கள். ஆனால் இந்த முறை சிரித்துவிட்டுப் போகிறவர்கள் குறைவு. நோட்டில் இருப்பது எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும் என்பதும் தெரியும். பாதிப்பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஹாரனின் மனைவி மட்டும் நின்று, “கால் எப்படி இருக்கு?” என்று கேட்டுவிட்டு வந்தாள்.

கடைசியாக மருந்துக்கடைக்காரர் வந்தார். ஜன்னலைத் தாண்டிப் போனவர் திரும்பி வந்தார். மூன்றாவது ஜன்னல் எழுத்தருக்குப் பக்கத்தில்தான் இருந்தது. பேச்சு காதில் விழுந்தது.

“நான்தாம்மா வேணாம்னு சொன்னேன். முதல்ல சொன்னது நான்தான்.”

“தெரியும். தம்பி வாசிச்சான்.”

“உங்க மேல எனக்கு...”

“வருத்தம் இல்ல, நல்ல மனுஷி. அதையும் சொன்னான்.” அக்கா தடியை மாற்றிப் பிடித்தாள். “உங்க பொண்ணுக்கு என்ன வயசு?”

“இருபத்திமூணு.”

“அந்தப் பையன் என்ன பண்றான்?”

“பள்ளிக்கூடத்துல வாத்தியாரா இருக்கான்.” கொஞ்சம் தயங்கினார். “ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா நெனக்காதீங்க. அந்த வீட்டுல உங்கள எப்படி வச்சுக்கிட்டாங்க?”

“அது பெரிய கத. ஒரு வாரத்துல சொல்லி முடியாது.”

“எம் முடிவு மாறும்னு சொல்லலம்மா.”

“நானும் மாத்திக்கங்கன்னு சொல்லலியே. கேட்டீங்க, சொல்றேன். மொத வருஷம் அவங்க அம்மா எங்கூடப் பேசல...”

உள்ளே மறை ஓதும் பெரியவர் தொடங்கிவிட்டார். எல்லோரும் எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள். முன் வரிசையில் மருந்துக்கடைக்காரரின் இடம் காலியாக இருந்தது. எழுத்தர் ஓரக்கண்ணால் ஜன்னலைப் பார்த்தார். இரண்டு தலைகள் தெரிந்தன. அக்கா ஒரு காலிலிருந்து மறு காலுக்கு உடம்பை மாற்றிக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். மருந்துக்கடைக்காரர் கைகளைக் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் அங்கே உட்கார இடம் இருக்கவில்லை.

பிரார்த்தனை எப்போதும்போல் ஒண்ணேகால் மணி நேரம் நடந்தது.